வடக்குப்பட்டில் தொடங்கும் பாடம்

வைண்டிங் செக்‌ஷனில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே யாரும் யாருக்கும் மெதுவாகச் செய்தி சொல்ல முடியாது. டைம் ஆபீஸ் குமரேசன் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்த கம்பிச் சுருள், நாங்கள் சொல்கிற காயில், பாதியில் இருந்தது. கம்பி அறுந்துவிடுமே என்று நானும் நிறுத்தவில்லை. அவரே குனிந்து சுவிட்சை அணைத்தார். "வேதவல்லி போயிட்டாங்கம்மா. காலைல, வூட்லயே. ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்" என்றார். மூன்று நாள் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தவள், திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றுதான் திங்கட்கிழமை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். வருகிறேன் என்று சொன்ன நாளில் அவள் வராமல் இருந்ததே கிடையாது.

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவள் நல உதவியாளர் வேதவல்லி. கையில் ஒரு ஃபைல், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. யார் மேல் மெமோ வந்தாலும் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் வேலை செய்கிற மெஷினைப் போய்ப் பார்ப்பாள். எனக்கு அவள் அதற்கும் முந்தைய வேதா. எட்டு வருஷம் என் பக்கத்து மெஷினில் செம்புக் கம்பி சுற்றியவள். ஒரே வயசு எங்களுக்கு. அவள் ஆபீசுக்குப் போன பிறகும் 'சரோசா' என்றுதான் கூப்பிடுவாள், நானும் 'அடியே' என்பதை விடவில்லை. அவள் எப்படி அந்த நாற்காலிக்குப் போனாள் என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களோடு மல்லிகா என்று ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி, வேலையில் சுத்தம். அவளுடைய பழைய மெஷின் ரிப்பேர் ஆனதும் புதிதாக வந்த ஒன்றில் உட்காரவைத்தார்கள். பழையதில் இடது பெடலை மிதித்தால் மெஷின் நிற்கும். புதியதில் இடது பெடலை மிதித்தால் வேகம் பிடிக்கும். நிறுத்த நினைத்து மிதிப்பாள், கம்பி பட்டென்று அறுந்துவிடும். ஒரு வாரத்தில் அவள் பெட்டி முழுக்கக் கழிவுக் காயில். சூப்பர்வைசர் 'கவனக்குறைவு' என்று எழுதினார், மூன்றாவது மெமோவோடு அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் போகும்போது, "நான் பாத்துதாங்க மிதிக்கறேன், காலு கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சுற்றினோம். நானும்தான்.

அந்தச் சமயத்தில் வேதாவும் நானும் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். வரலாறு முக்கியப் பாடம், உளவியல் துணைப்பாடம். எனக்கு ஆபீஸ் பக்கம் ஒரு நாற்காலி கிடைக்குமா என்ற ஆசை. அவளுக்கு, எடுத்ததை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் படிக்க நேரம் ஏது? கம்பெனி பஸ்தான் எங்கள் படிக்கும் அறை. அது வடக்குப்பட்டில் கிளம்பி, ஒரகடம் கூட்டுரோடு, வல்லம், ஸ்ரீபெரும்புதூர், தண்டலம் என்று சுற்றி மண்ணூர் தாண்டி கம்பெனிக்கு வரும். வேதா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பாடம் ஒதுக்கிவிட்டாள். வடக்குப்பட்டில் ஏறியதும் 'உளவியல் என்றால் என்ன'. ஒரகடத்தில் கவனம். வல்லத்தில் புலன்காட்சி, அதாவது கண் பார்ப்பதை மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது. ஸ்ரீபெரும்புதூரில் கற்றல். தண்டலத்தில் நினைவும் மறதியும். மண்ணூரில் ஊக்கமும் ஆளுமையும். தினமும் இதே வரிசை, ஒரு நாள் தவறாது.

நான் ஏறுவது ஒரகடத்தில். அதனால் முதல் பாடத்தை அவள் தனியாகவே சொல்லி முடித்திருப்பாள். அதை நான் பஸ்ஸில் ஒரு நாளும் படித்ததில்லை. வல்லம்வரை கேட்பேன், பிறகு கண் சொருகிவிடும். "இன்னாடி, தூங்கிகினு கீற? கற்றல் வந்துச்சி பாரு" என்று முழங்கையால் இடிப்பாள். ஒருநாள் இடித்த இடி விலாவில் வலித்தது. கண்ணைத் திறந்தால், பாடப் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். முன்பு பழகிய பழக்கம் புதிதாகப் பழகுவதற்குக் குறுக்கே நிற்கும் என்று அதில் நாலு வரி இருந்தது.

"மல்லிகா காலுடி இது" என்றாள். "அவ மேல தப்பு இல்ல. புக்குலயே போட்டுகீது."

பஸ் தண்டலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சாலையோரச் செங்கல் சூளையில் மல்லிகா தலையில் கல்லோடு நடந்துகொண்டிருந்தாள். கம்பெனியை விட்டதிலிருந்து அவளுக்கு அங்கேதான் பிழைப்பு. வேதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மறைகிறவரை பார்த்தாள். மறதிப் பாடத்தை அன்றைக்குச் சொல்லவில்லை.

அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் புத்தகத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "நீ என்ன டாக்டரா? போய் வேலையைப் பாரும்மா" என்றாராம். திரும்பி வந்தவள் அழுவாள் என்று நினைத்தேன். மெஷினில் உட்கார்ந்து கம்பியைக் கோத்தாள். "கவனக்குறைவுன்னு எழுதறது காரணம் சொல்றது இல்ல சரோசா. காரணம் தேட சோம்பேறித்தனம்" என்றாள். அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நல உதவியாளர் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார், உள்ளே வேலை செய்கிறவர்களில் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். வேதா அதை இரண்டு முறை படித்தாள். நல உதவியாளர் எழுதுகிற குறிப்பை மேனேஜர் படிக்காமல் ஒதுக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மல்லிகாவைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குப் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு மிச்சமிருந்தது இந்த உளவியல் தாள் ஒன்றுதான்.

பரீட்சை காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் பஸ் போகிற திசைக்கு நேர் எதிர்த் திசை. வினாத்தாளில் முதல் கேள்வியே ஆளுமையைப் பற்றி. எனக்கு வந்தவரை எழுதினேன், வராததை விட்டேன். உளவியல் என்றால் என்ன என்ற கேள்வியையும் விட்டேன். இரண்டு பெஞ்சு தள்ளி வேதா பேனாவைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும்தான் விஷயம் புரிந்தது. ஆளுமை மண்ணூர்ப் பாடம். அதைச் சொல்ல அவள் மனசுக்குள் வடக்குப்பட்டில் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்பாக வந்தாக வேண்டியிருந்தது. அடுத்த கேள்வி நினைவைப் பற்றி. மறுபடியும் வடக்குப்பட்டு. "மண்ணூர் வர்றதுக்குள்ள பெல் அடிச்சிட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், பிறகு பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தூங்கினவள் தேறினேன், இடித்து எழுப்பினவள் தவறினாள். முடிவு வந்த நாளில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அடுப்படியில் கிடைத்த பக்கத்தைக் கிடைத்த நேரத்தில் முன்னும் பின்னுமாகப் புரட்டியவள். என் சோம்பலே என்னைக் காப்பாற்றியது. அவளுடைய ஒழுங்கு அவளைக் கவிழ்த்தது. அவள் அதைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "மல்லிகா காலு மாதிரிதான் எம் மண்டையும். ஒரே பெடல்ல பழகிகிச்சு." விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு மறுதேர்வு இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தாள். காயிலில் கட்டுகிற அட்டைத் துண்டுகளில் பாடங்களின் பெயரை எழுதி உள்ளே போட்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் கையை விட்டு ஒன்றை எடுக்கலாம். எது வந்தாலும் அவள் அதைப் புத்தகச் சொல் இல்லாமல், இந்தக் கம்பெனிக்குள் நடக்கிற ஒன்றை வைத்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவளுக்குப் புரியாவிட்டால் சீட்டு மறுபடியும் டின்னுக்குள் போய்விடும். "பேரு தெரிஞ்சா போதாது, அது எங்க நடக்குதுன்னு தெரியணும்" என்பாள்.

ஆக்கநிலையுறுத்தம் என்ற சீட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எடுத்தவள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டாள். வேதா கேட்டாள்: "போன வாரம் தீ ஒத்திகைன்னு பதினோரு மணிக்கு சாப்பாட்டு சைரன ஊதினானே, நீ இன்னா பண்ண?"

"டிபன் பாக்ஸ எடுத்துகினு வெளிய வந்தேன்."

"பசிச்சுதா?"

"ஆமா, வாயில எச்சிகூட ஊறுச்சு. பாத்தா மணி பதினொண்ணு."

"சைரன் ஊதினா பசிக்கும்னு உடம்பு பழகிகிச்சு. அதான் இது" என்று சீட்டைக் கீழே வைத்தாள். அன்று சாப்பாட்டு அறையில் கிளம்பிய சிரிப்பைக் கேட்டு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்படி ஐந்து மாதம். பத்தாவதுகூடத் தாண்டாத பெண்கள் கவனத்தையும் ஊக்கத்தையும் பற்றி அவளோடு சண்டை போட்டார்கள். புரியவில்லை என்று அவர்கள் திருப்பிப் போட்ட சீட்டுகளை அவள் மறுநாள் வேறு உதாரணத்தோடு கொண்டுவந்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது மண்ணூரில் தொடங்கிப் பின்னாலிருந்து சொல்லிப் பார்ப்பாள். நடுவில் நான் வேண்டுமென்றே வல்லத்துக்குத் தாவுவேன், அவளும் தாவுவாள். ஒருநாள் தெரியாத ஒன்றை மழுப்பினேன். "தெரியலன்னு சொல்லு. அது தப்பு இல்ல. தெரிஞ்சா மாதிரி நடிக்காத" என்று கடிந்துகொண்டாள். அந்தத் திட்டு எனக்கு இன்னும் உறைக்கிறது.

மறுதேர்வு முடிவு தபாலில் வந்த மறுநாள், நான் ஒரகடத்தில் ஏறியபோது அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கேட்கப் பயமாக இருந்தது. வல்லம் போனது, ஸ்ரீபெரும்புதூர் போனது. தண்டலத்துச் சூளை தெரிந்ததும்தான் என் பக்கம் திரும்பினாள். "பாஸ்டி" என்றாள். நான் பஸ் என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. அவள் எழுதிய முதல் குறிப்பு மல்லிகாவின் பெடலைப் பற்றியது. மேனேஜர் படித்தார். எல்லா மெஷினிலும் பெடலை ஒரே மாதிரி மாற்றினார்கள். மல்லிகா வேலைக்குத் திரும்பிய அன்று, வேதா தன் ஆபீஸ் நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மல்லிகா இன்றைக்கும் என் பின்வரிசையில்தான் சுற்றுகிறாள். நானோ, மேனேஜர் எதிரில் நின்று பேசத் துணிவில்லாமல் விண்ணப்பமே போடவில்லை, தேறிய சான்றிதழைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதோடு சரி. யாருக்காவது மெமோ வந்தால் "வேதா பாத்துப்பா" என்று தலையைக் குனிந்துகொள்வேன். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மண்ணூரிலிருந்து தனியாக பஸ் ஏறினேன். மண்ணூரில் ஆளுமை, தண்டலத்தில் மறதி, ஸ்ரீபெரும்புதூரில் கற்றல் என்று கேட்காமலே வாயில் வந்துகொண்டிருந்தது. யாரும் முழங்கையால் இடிக்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஒரகடத்தில் பஸ் நின்றது. பழக்கத்தில் எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வடக்குப்பட்டுவரை எனக்குச் சொல்லப் பாடம் இல்லை. நான் படிக்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

காரியம் முடிந்ததும் அவள் வீட்டுக்காரர் ஒரு ஃபைலையும் பழைய நோட்டு ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். "காய்ச்சல்லகூட இத்தயே கேட்டுகினு இருந்தா. உங்ககிட்ட குடுக்கறதுதான் சரின்னு தோணுச்சும்மா" என்றார். ஃபைலில் டெஸ்டிங் செக்‌ஷன் செல்வியின் மெமோ இருந்தது. தப்பான காயில்களைச் சரி என்று தள்ளிவிட்டாளாம். காரணம்: கவனக்குறைவு. கீழே வேதாவின் கையெழுத்தில், 'மெஷினை இன்னும் பார்க்கவில்லை. திங்கள் பார்க்க வேண்டும்.' நோட்டின் முதல் பக்கத்தில் மேலே வடக்குப்பட்டு என்று எழுதியிருந்தது. புத்தகம் சொன்ன விளக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு அதன் கீழே தன் சொல்லில் எழுதியிருந்தாள்: 'ஒருத்தர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பது. பதில் கிடைக்கும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது.'

அந்தத் திங்கட்கிழமை தாண்டிப் போய்விட்டது. காரியத்துக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் போய் செல்வியின் மேசை முன்னால் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே குழல்விளக்கை இடம் மாற்றியிருக்கிறார்கள். காயிலைச் சோதிக்கிற மீட்டரின் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து முள் இரண்டாகத் தெரிகிறது. எது நிஜம், எது பிம்பம் என்று எனக்கும் பிடிபடவில்லை. இது வல்லத்துப் பாடம் வேதா, புலன்காட்சி, நான் விழித்துக்கொண்டு கேட்ட பாடம்.

வருகிற செவ்வாய்க்கிழமை செல்வியின் விசாரணை. கூட ஒரு சக தொழிலாளி வந்து பேசலாம் என்று விதி இருக்கிறது. என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீ என்ன டாக்டரா என்று என்னையும் கேட்பார்கள், கேட்கட்டும். தகரப் பெட்டியைத் திறந்து சான்றிதழை வெளியே எடுத்தாயிற்று, நோட்டும் பையில் இருக்கிறது. இந்தத் தடவை தலையைக் குனிய மாட்டேன். வடக்குப்பட்டிலிருந்து தொடங்குவேன்.