வீட்டைச் சுற்றி ஒரு உப்புப் பாத்தி

மரக்காணம் உப்பளத்தில் எங்கே கரை ஒழுகினாலும் காசிலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அளத்தில் இறங்கிய ஆள். களிமண்ணை மிதித்து, உருட்டி, வெடிப்பில் வைத்து அடித்து, மேலே குதிகாலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு வந்தால் அதற்குப் பிறகு அங்கே சொட்டு ஒழுகாது. தண்ணீரை வேண்டியபோது பாத்திக்குள் விடுவதும் வேண்டாதபோது வெளியே நிறுத்துவதும்தான் அவர் பிழைப்பு. உப்பு அரித்து அரித்துப் பாதம் இரண்டும் பலகை மாதிரி ஆகிவிட்டன. பேச்சில் பாதி திட்டு, பாதி சிரிப்பு. எது எந்தப் பாதி என்று அவர் பெண்சாதி பொன்னம்மாளுக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவருடைய குடிசைக்குள்ளேயே ஒரு நாள் தண்ணீர் வந்தது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் கால்வாய் வழியாக ஏறிவந்து அளத்தையும், அளத்தை ஒட்டி இருந்த குடிசைகளையும் ஒரேயடியாக வழித்துக்கொண்டு போனது. காசிலிங்கம் அப்போது கடைத்தெருவில் இருந்தார். பொன்னம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடிசையின் பனங்கால் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினாளாம். குடிசை போய்விட்டது, பனங்கால் மட்டும் நின்றது. அதனால் பிழைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பள்ளத்தில் படுத்தால் தூக்கம் வரவில்லை. தார் ஷீட் போட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்த கொட்டகையில் கொஞ்ச நாள் உட்கார்ந்தே இரவைக் கழித்தாள். பிறகு துணியை மூட்டை கட்டிக்கொண்டு கிளியனூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"வூட்டுக்குள்ள தண்ணி வராதுன்னு எப்போ ஆவுதோ, அப்போ வந்து கூப்புடு. அதுக்கு முந்தி வந்தீன்னா சோறு போடறேன், தின்னுட்டுப் போ. கூட வர மாட்டேன்."

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. காசிலிங்கம் பேசியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். டீக்கடையில் அவரைப் பார்த்தாலே ஆட்களுக்குக் கொண்டாட்டம்.

"ஊர்த் தண்ணிய எல்லாம் நிறுத்துறியேப்பா, ஒரு பொம்பளைய நிறுத்த முடியலியா?"

"மூடிக்கிட்டு டீயக் குடிடா" என்பார். ஆனால் சுருக்கென்றுதான் இருக்கும்.

அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, குடிசை போனவர்களுக்குக் கல் வீடு கட்டித்தரும் வேலையைத் தொடங்கியது. வீட்டுக்காரர் உடலுழைப்பைப் போட வேண்டும். கொத்தனாரும் சாமானும் அவர்களுடையது. காசிலிங்கத்தின் மனைக்கு வந்த கொத்தனார் தட்சணாமூர்த்தி. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆள். வேலையை மேற்பார்க்கப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து கீதாஞ்சலி என்ற இன்ஜினியர் பெண் தினமும் ஸ்கூட்டியில் வந்து போனாள்.

செங்கல் இறங்குவதற்கு முன்னாலேயே அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். தெருவில் இருந்த ஒவ்வொருவரிடமும், தங்களுக்குத் தெரிந்து மழை வெள்ளம் எதுவரைக்கும் ஏறியது என்று கேட்டாள். எல்லாரும் கை வைத்துக் காட்டியதில் ஆக உயரமானதை எடுத்துக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் நீலப் பெயிண்டால் ஒரு கோடு போட்டாள். "இந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலதான் எல்லா வீட்டுத் தரையும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். இன்னும் சில சட்டங்களும் உண்டு. கான்கிரீட்டுக்கு லாரியில் வரும் நல்ல தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் கூடாது. கடல் மணலைத் தொடவே கூடாது. செவுருக்குக் கீழே கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஒன்று, மேலே ஒன்று.

நல்ல தண்ணீர் விஷயத்தில் காசிலிங்கம் மறு பேச்சுப் பேசவில்லை. உப்பு இரும்பைத் தின்பதை மண்வெட்டியில் பார்த்துப் பார்த்துப் பழகியவர்தானே. உயரம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கோயிலா கட்டுறோம்? எம் பொண்டாட்டி முட்டி வலிக்காரி. இத்தினி படி வெச்சா அவ எப்படி ஏறுவா? இதையே சாக்கா வெச்சிக்கிட்டு அங்கியே குந்திப்பா!"

ஆவணியில் நல்ல முகூர்த்தம் ஒன்று வந்தது. பேஸ்மட்டம் அப்போது முட்டி உயரம்தான் எழும்பியிருந்தது. அந்த வாரம் கீதாஞ்சலி வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தாள். இந்த நாளை விட்டால் பிறகு நாள் இல்லை என்று காசிலிங்கம் தட்சணாமூர்த்தியை நச்சரித்து அந்த உயரத்திலேயே வாசல் நிலையை நிறுத்திவிட்டார். பொன்னம்மாள் அதற்கு மட்டும் இரண்டு பஸ் மாறி வந்தாள். நிலைக்கால் இறங்கும் குழியில் பால் ஊற்றி, நவதானியம் போட்டு, தன் மூக்குத்தியின் திருகைக் கழற்றிப் பொன்னுக்குப் பொன்னாக அதில் போட்டாள். நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் கீதாஞ்சலி வந்து, குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, வாசப்படியே கோட்டுக்குக் கீழ இருக்குதே?"

"இருக்கட்டும் மேடம்."

"இருக்கட்டும்னா? தண்ணி வந்தா?"

"எப்படி வரும்? சுத்தி ஒரு கரை போட்டுட்டேன்னா முடிஞ்சிது. நான் போட்ட கரை இந்த அளத்துல ஒடைஞ்சதா சரித்திரமே கெடையாது."

"கரை எல்லாம் வேணாம்ணா. நிலையை எடுத்துட்டு பேஸ்மட்டத்தை ஏத்துங்க."

காசிலிங்கத்துக்கு முகம் மாறிவிட்டது. "நட்ட நிலையைப் புடுங்குறதா? எம் பொண்டாட்டி கையால வெச்சது மேடம் அது!"

தட்சணாமூர்த்தி தலையைச் சொறிந்தார். "அது வந்து மேடம், இந்தப் பக்கம் நட்ட நிலையைப் புடுங்கிப் படுக்க வெச்சா அந்த வூட்டுப் பொம்பளைக்கு ஆவாதுன்னுவாங்க."

கீதாஞ்சலி சிரிக்கவில்லை. மட்டக் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நம்பிக்கையில நான் தலையிட மாட்டேன். எப்படி ஏத்துறதுன்னு நீங்களே யோசிங்க. ஆனா கோட்டுக்கு மேல தரை வராம செவுரு எழும்பாது. அவ்ளோதான்."

மற்றவர்களின் வீடுகள் வளர்ந்தன. காசிலிங்கத்தின் மனையில் முட்டி உயர மேடையும், அதன் மேல் ஒற்றை நிலையும் மட்டும் நின்றன. பக்கத்துச் செவுரு கிடையாது, கூரை கிடையாது. ஆடுகள் அதன் வழியாக உள்ளே போய் வெளியே வந்தன. போகிறவன் வருகிறவனெல்லாம் "கதவத் தட்டிட்டுத்தான் வரணுமா காசி?" என்று கேட்டான்.

அவர் கேட்டும் கேளாதவராகக் கரை போட்டார். அளத்திலிருந்து களி கொண்டுவந்து, மிதித்து, இடுப்பு உயரத்துக்கு மேடையைச் சுற்றி இறுக்கமாக ஒரு கரை. குறை சொல்லக் கூடாது, அழகான கரை. பாம்பு கூட நுழைய இடமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷத்து மழையை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். வானத்தைக் கிழித்துவிட்டது மாதிரி நாள்கணக்கில் ஊற்றியது. அளத்துக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளம். காசிலிங்கம் கரை மேல் நின்று கொக்கரித்தார். வெளித் தண்ணீர் கரையில் வந்து முட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஆனால் மழை வெளியே மட்டுமா பெய்யும்? மேடை மேல் விழுந்த மழை, கரைக்குள் விழுந்த மழை எல்லாம் அந்தக் குறுகிய இடத்திலேயே இறங்கியது. போக வழி இல்லை. கரைதான் ஒழுகாதே! முதலில் கணுக்கால், பிறகு முட்டி, பிறகு மேடையே முழுகியது. காசிலிங்கம் வாளியை எடுத்து இறைத்தார். அவர் ஒரு வாளி வெளியே ஊற்றினால் வானம் இரண்டு வாளி உள்ளே ஊற்றியது.

யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தட்சணாமூர்த்தி வந்தார். வெளியே தண்ணீரில் நின்றபடி கரைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா காசி, வெளிய எனக்கு முட்டி கூட நனையல. உள்ள ஒனக்குத் தொடை வரைக்கும் நிக்குது. உப்பு எப்போ வாரலாம்?"

தெருவே சிரித்தது. அந்த மழையிலும், அந்தக் கஷ்டத்திலும், கொட்டகைக்குள் நனைந்துகொண்டு இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். காசிலிங்கம் தட்சணாமூர்த்தியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துத் தன் கையால் போட்ட கரையைத் தன் கையாலேயே வெட்டினார். உள்ளே இருந்த தண்ணீர் குபுகுபுவென்று வெளியே போனது.

மறுநாள் அதே வெட்டு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வந்தது. மேடையைத் தாண்டி நிலையின் கால் முழுகி நின்றது. விளக்குக் கம்பத்தில் நீலக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்து அப்படியே நின்றுவிட்டது. எதிர்மனையில் செவுரு பாதிதான் எழும்பியிருந்தது. ஆனால் தரை கோட்டுக்கு மேலே. அந்தத் தரையில் ஒரு நாய் காய்ந்த உடம்போடு சுருண்டு படுத்திருந்தது. காசிலிங்கம் நாயைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் நிலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கிளியனூருக்கு பஸ் ஏறினார். பொன்னம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வந்துதா?" என்றாள், நிமிராமல்.

"ம்."

"எம்மாம்?"

"நிலை காலு முழுகிப்போச்சி."

"அந்தப் பொண்ணு ஒசத்தச் சொல்லிச்சாமே? நீதான் மாட்டேன்னியாமே?"

"ஒனக்கு முட்டி வலிடி. படி ஏற முடியாதுன்னுதான்..."

"முட்டி வலிக்குத் தைலம் இருக்குது. தண்ணிக்கு இன்னா தைலம் வெச்சிருக்கே?"

காசிலிங்கம் மெதுவாகச் சொன்னார். "நீ வெச்ச நிலைடி அது. புடுங்கினா ஒனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருந்துது."

முறம் நின்றது. பொன்னம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சுனாமியன்றைக்கு இவர் கடைத்தெருவிலிருந்து எப்படி ஓடிவந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

"யோவ், நான் வெச்சது வூட்டுக்கு. தண்ணியில முழுகிக் கெடக்கறதுக்கு இல்ல. புடுங்கிக் கீழ படுக்க வெச்சாத்தானே தப்பு? நிக்க வெச்சபடியே தூக்குங்க. நான் வந்து புடிச்சிக்கறேன்."

தை பிறந்ததும் வந்தாள். சொன்னபடியே செய்தார்கள். நிலையின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை ஊன்றி, கயிறு கட்டி, அடியை மெல்லத் தளர்த்தி, நாலு பேர் தோள் கொடுத்து நின்ற நிலையாகவே தூக்கினார்கள். பொன்னம்மாள் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். "நானும் புடிக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு காலைக் கீதாஞ்சலி பிடித்தாள்.

"புடி புடி. ஒன் கோட்டாலதானே இம்மாம் பாடு!" என்றாள் பொன்னம்மாள்.

மூக்குத்தித் திருகை எடுக்கலாம் என்று தட்சணாமூர்த்தி குழியைக் கிளறப் போனார். "வேணாம், அது அடியிலியே இருக்கட்டும். மேல இன்னொரு குண்டுமணித் தங்கம் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அதே இடத்தில், கோட்டுக்கு ஒரு முழம் மேலே தரை வரும்படி பேஸ்மட்டம் ஏறியது. உள்ளே நிரப்ப அளத்துக் களியைக் கொண்டுவருகிறேன் என்று காசிலிங்கம் கடைசியாக ஒரு தடவை வாய் திறந்தார். கீதாஞ்சலி வேண்டாம் என்றாள். களியில் இருக்கும் உப்பு செவுரில் ஏறிப் பூச்சு உதிரும், கிராவல் மண்தான் போட வேண்டும் என்றாள். "அது மட்டும் இல்லண்ணா, களி உள்ள போன தண்ணியை வெளிய விடாது."

"அதை நான் பாத்துட்டேன் மேடம்" என்றார் காசிலிங்கம். கிராவலை அவரே திமிசு போட்டு இடித்தார்.

ஆடிக்குள் வீடு முடிந்துவிட்டது. பொன்னம்மாள் குடிவரவில்லை. பால் காய்ச்ச வந்தவள், பால் பொங்கியதும் பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். "மழை வரட்டும், பாக்கலாம்" என்றாள். காசிலிங்கம் புது வீட்டில் தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டு, உப்பளக்காரன் எவனும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். மழைக்காக வேண்டிக்கொண்டார். சீக்கிரம் வராதா என்று வானத்தைப் பார்த்தார்.

ஐப்பசியில் வந்தது. கறுத்துக்கொண்டு வந்த அன்று காலையில் பொன்னம்மாளும் கையில் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். உள்ளே போகவில்லை. வாசலில் மேல் படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நிழலுக்குப் போட்டிருந்த சிமெண்ட் ஷீட்டில் மழை தடதடவென்று அடித்தது. அளத்துப் பக்கமிருந்து தண்ணீர் தெருவுக்குள் நடந்து வந்தது. முதல் படி முழுகியது. இரண்டாவது படியை நக்கியது. காசிலிங்கம் உள்ளே அடுப்பு மூட்டுவது போலப் பாவனை பண்ணிக்கொண்டு, ஒரு கண்ணைப் படியிலும் ஒரு கண்ணைப் பெண்சாதியின் மடியிலும் வைத்திருந்தார். பை மடியிலேயே இருந்தது.

மதியம் தாண்டி மழை ஓய்ந்தது. தண்ணீர் இரண்டாவது படியில் கொஞ்ச நேரம் தளும்பிக்கொண்டிருந்தது. பிறகு, யாரோ கீழிருந்து இழுப்பது போல, மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஈரக் கோடு ஒன்று படியில் தெரிந்தது. பொன்னம்மாள் பின்னால் திரும்பி வீட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். காய்ந்திருந்தது.

காலை நீட்டிக்கொண்டாள். முட்டியை நீவிக்கொண்டாள். மடியில் இருந்த பையை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"இந்தாய்யா, இதை உள்ள மாட்டு. இத்தினி படி ஏறினதுல முட்டி வலி உயிர் போவுது. பையில தைலம் இருக்குது, எடுத்துக்கினு வா."