கந்தம்மாளின் அரை மாத்திரை

விடியுமுன் கந்தம்மாளுக்குத் தப்புச் சத்தம் கேட்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூட்ட அடிப்பார்களே, அந்தத் தப்பு. அவள் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி முப்பத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது இருக்கும் மலைக்கிராமமான போளூரில் தேயிலையும் கிடையாது, தப்படிக்க ஆளும் கிடையாது. ஆனாலும் கேட்கும். கேட்டதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் நடந்துவிடுவாள். பனிக்குள் அந்தத் தோட்டத்து லயத்து வீடுகள் வரிசையாக நிற்கும். கூடை சுமந்த அக்காமார் சத்தமில்லாமல் முன்னே போவார்கள். எப்போதோ செத்துப்போன அம்மா திரும்பிப் பார்த்து, வெரசா வா என்பாள். ஒருநாள் அப்படிப் போய்ப் பாறை விளிம்பில் நின்றவளை, விறகு பொறுக்க வந்த பக்கத்து வீட்டு ராக்காயிதான் இழுத்து வந்தாள். செண்பகனூர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதும் அவள்தான்.

அங்கே மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து மனநல டாக்டர் குமாரவேல் வருவார். எண்பது பேர் காத்திருப்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். எல்லாச் சனிக்கிழமைகளிலும் உளவியல் படித்த தேவகுமாரி இருப்பாள். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பாள். மருந்துச் சீட்டு எழுத அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரை தப்பை நிறுத்தியது. கூடவே காலை நேரத்தையும் விழுங்கிவிட்டது. பத்து மணிக்கு எழுந்தாலும் சுவர் மெல்ல மூச்சு விடுவதுபோல இருக்கும். காப்பித் தம்ளர் வேறு யாருடைய கையிலோ இருப்பதுபோல இருக்கும். பூண்டுக் காட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஆறு மணிக்கே போய்விடும். மேஸ்திரி சின்னக்கருப்பன் மூன்று வாரம் பொறுத்தார்.

"ஏத்தா, நீ என்ன பங்களாக்காரியா, பத்து மணிக்கு முழிக்க? அடுத்த மாசமும் இப்பிடின்னா ஒன் எடத்துல வேற ஆள ஏத்திருவேன்."

ஒற்றையாய் இருப்பவள். ஜீப்பில் இடம் போனால் அடுப்பு எரியாது. இதைத் தேவகுமாரியிடம் சொன்னாள்.

"அரை மாத்திரை போதுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்ம்மா" என்று தேவகுமாரி நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டத்து மருந்துக்கூடத்திலும் பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாக்கை நீட்டச் சொல்லி, நாலு கேள்வி கேட்டு, மருந்து கொடுப்பவர் டிஸ்பென்சர் ஐயா. பெரியவரிடம் கேட்கிறேன் என்று அவரும் சொல்வார். அது ஒரு மரியாதைக்கு. விசாரிக்கிறவர் சொல்வதுதான் மருந்து என்பது கந்தம்மாள் சின்ன வயதிலேயே கற்ற பாடம். வீட்டுக்கு வந்ததும் பாக்குவெட்டியை எடுத்து மாத்திரைகளைப் பாதி பாதியாக வெட்டி வைத்தாள்.

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. பத்து நாள் ஜீப்பில் போய்ப் பூண்டு பிடுங்கினாள். பதினோராம் நாள், எங்கோ தூரத்தில், பஞ்சு மூட்டைக்குள் வைத்து அடித்ததுபோல ஒரு தப்பு. கால் தானாகத் தரையில் இறங்கியது. வாசல் கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறியபோதுதான் நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முழு மாத்திரை. முழு மாத்திரை என்றால் ஜீப் இல்லை.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, டாக்டர் அறைக்கு வெளியே தேவகுமாரி அவளைப் பார்த்தாள்.

"முகம் தெளிவா இருக்கே! காலைல எந்திரிக்கிறீங்களா?"

"நீங்க சொன்னபடி அரைதான போடுறேன். வெள்ளனே முழிப்பு வந்துருது."

தேவகுமாரியின் பேனா நின்றது. "நான் எப்பம்மா போடச் சொன்னேன்? கேட்டுப் பாக்குறேன்னுதான சொன்னேன்?"

"எங்க டிஸ்பென்சர் ஐயாவும் அப்பிடித்தான் கதைப்பாரு. அப்புறம் குடுத்துருவாரு."

"நான் மருந்து எழுதுற ஆள் இல்லம்மா."

"என் சீக்கு பூரா ஒங்க நோட்டுலதான் கெடக்கு. அவரு என் மூஞ்சிய நிமிந்துகூடப் பாத்ததில்ல. நீங்க ஏன் எழுதக்கூடாது?"

"நான் கேக்கத்தான் படிச்சிருக்கேன். மாத்திரை ஒடம்புக்குள்ள போயி என்ன பண்ணும்னு படிக்கல."

"அப்ப அதையும் படிங்க. வயசு கெடக்குல்ல?"

தேவகுமாரி சிரிக்கவில்லை. "சத்தம் திரும்ப வந்துச்சா?"

கந்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் பனியில் பாதி கரைந்திருந்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரில் இருந்தவள் நோட்டை மூடிவிட்டு இவள் முகத்தையே பார்த்தாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தப் பெண் பேச்சைக் கேட்டுத்தான் ஆயிற்று என்பார்கள். பிறகு இந்த நாற்காலியில் உட்கார்ந்து யார் கேட்பார்கள்?

"ஒரேயொரு வாட்டி. வாசல் மட்டுந்தான் போனேன்."

தேவகுமாரி அவளைக் கையோடு உள்ளே கூட்டிப்போனாள். "சார், அரை மாத்திரைங்கிற பேச்ச எடுத்தது நான்தான். இவங்க போட்டுட்டாங்க. சத்தம் திரும்பிருச்சு. முழுசாப் போட்டா வேலை போயிரும்."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "மாத்திரைய எத்தன மணிக்குப் போடுறீங்க?"

"டிவில நாடகம் முடிஞ்சு. பத்து, பத்தரை இருக்கும்."

"சாயங்காலம் ஏழு மணிக்கு முழுசாப் போடுங்க. போட்டுட்டுப் படுத்துருங்க. வெட்டுற சோலியே வேணாம்." சீட்டில் எழுதிவிட்டு, தேவகுமாரியைப் பார்த்தார். "ஒங்களையே எழுத விட்டா நான் இதுக்காக மலையேற வேணாம்."

"முறையாச் சொல்லிக் குடுத்து, சட்டமும் விட்டா எழுதுறேன் சார். இன்னைக்கு நான் எழுதியிருந்தா அரைன்னுதான் எழுதியிருப்பேன்."

டாக்டர் தன் போன் நம்பரைச் சீட்டின் ஓரத்தில் எழுதிக் கிழித்து அவளிடம் கொடுத்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை கூப்பிடுங்க. ஆள் எதிர்ல இருக்கப்பவே."

முதல் இரண்டு நாள் கந்தம்மாளுக்கு ஜீப் தவறியது. மூன்றாம் நாள் ஐந்தரைக்குக் கண் திறந்தது. தப்புச் சத்தம் இல்லை. தலை இன்னும் ஈரத்துணிபோலக் கனத்தது. வண்டியில் ஏறி ராக்காயியின் தோளில் சாய்ந்தாள். பனிக்குள் வண்டி போகிறதா, மலைதான் நகர்கிறதா என்று தெரியவில்லை. காடு வரும்வரை தூங்கினாள். இறங்கச் சொன்னதும் முழித்து இறங்கினாள். மேஸ்திரிக்கு அது போதும்.