அடிக் என்று ஒரு சொல்

மகள் ஓடப் பழகிய நாளிலிருந்து நான் ஆறுதலாக இருந்து சாப்பிட்டதில்லை. நாடு விட்டு வந்து குடியேறிய மல்வேர்னில், பக்கத்து வீடுகளோடு ஒட்டின எங்கள் ரவுண்ஹவுசின் முன்கதவில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டிருந்தோம். அப்படியும் எப்படியோ வெளியே போய்விடுவாள். ஒருநாள் செருப்பும் இல்லாமல் பெரிய றோட்டின் நடுவே நடந்து போனவளை ஒரு பஸ் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிவந்து, தூக்கி என் கையில் தந்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு சொல்லும் பேச மாட்டாள். ஓட்டிசம் என்று டொக்டர் சொன்னபோது, அது என்ன கோதாரி என்று கேட்கக்கூட என் ஆங்கிலம் போதவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வரும் சோசல் வேர்க்கர் பெண்தான் நாயைப் பற்றிச் சொன்னார். கண் தெரியாதவர்களுக்குப் பழக்குவதுபோல, இப்படியான பிள்ளைகளுக்கும் இப்போது நாய் பழக்குகிறார்களாம். பிள்ளையின் இடுப்புப் பட்டியை நாயின் உடம்புப் பட்டியோடு கொழுவிவிடுவார்களாம். பிள்ளை ஓட வெளிக்கிட்டால் நாய் அப்படியே நிலத்தில் குந்திவிடுமாம். காசு ஒன்றும் வேண்டாம், விரும்பினவர்கள் வளர்த்துத் தருகிறார்கள் என்றார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் வழக்கம். ஆனால் அன்று மனதாரத்தான் ஆட்டினேன்.

இவருக்கு, பிள்ளையின் தகப்பனுக்கு, அது பிடிக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்து படுக்கும் மனுசன். சும்மா தருகிறார்கள் என்றால் அது கடிக்கிற நாயாகத்தான் இருக்கும் என்றார். எனக்கும் நாய் என்றால் உள்ளூர நடுக்கம். அதோடு அடுப்படியில் சாமித்தட்டு இருக்கிறது, வெள்ளிக்கிழமை வீடு கழுவி மரக்கறி சமைக்கிற வீடு. பிள்ளைக்காக எதையும் தாங்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், நாய்மயிரை நினைத்து முகம் சுளித்தேன். என்னுடைய தாய்மையின் இலட்சணம் அவ்வளவுதான்.

என்றாலும் பிள்ளைக்காகப் பெயர் பதிந்து, கனநாள் காத்திருந்த பிறகு, நாய் பழக்கும் பெண்மணி அதைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு நாய்க்குச் சரிவருமா என்று பார்த்த பிறகுதான் தருவார்களாம். நாங்கள் பெண்பார்க்க வருகிறார்கள் என்பதுபோல வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, நல்ல சட்டை போட்டு நின்றோம். மஞ்சள் நிறத்தில் கன்றுக்குட்டியளவு நாய். மகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாய்க்கு வடை மணத்திருக்க வேண்டும், நேரே அடுப்படிக்கு வந்து சாமித்தட்டுப் பக்கம் மூக்கை நீட்டியது. என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அடிக்."

யாழ்ப்பாணத்தில் நாயைத் துரத்துகிற சொல் அது. வேறு எதற்கும் உதவாது. வாசல் படலைக்குள் தலை நீட்டும் நாய்க்கு நாங்கள் அதைத்தான் சொல்லுவோம், கையில் கல் இருந்தால் அதையும் சேர்த்து எறிவோம்.

அந்தப் பெண்மணி ஆவலோடு என்னைப் பார்த்தார். அது உங்கள் மொழியா, என்ன கருத்து என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நாயைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்தேன். "வா, நல்ல பிள்ளை" என்று அர்த்தம் என்றேன். பின்னால் நின்ற இவருக்கு இருமல் வந்துவிட்டது.

பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தவர் நல்ல மனுசி. நாய் வீட்டு மொழியையும் பழகவேண்டும், அப்போதுதான் பிள்ளையோடு ஒட்டும் என்றார். நாயை எங்களிடம் விட்டுவிட்டு, வாரம் வாரம் வந்து, எங்கள் ஹோலில் முழங்காலில் இருந்து, வாய் நிறைந்த அன்போடு "அடிக், அடிக்" என்று கூப்பிட்டு ஒவ்வொரு தரமும் பிஸ்கற் கொடுத்தார். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி ஓடி வந்தது. நான் வெள்ளைக்காரிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நெஞ்சுக்குள் செத்தேன். இவரோ அந்த நேரங்களில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்.

ஒருநாள் அந்தப் பெண்மணி வருவதற்கு முன், நாய் யன்னலடியில் வெயிலில் படுத்திருந்தது. சுவரைப் பார்த்து நிலத்தில் இருந்து ஆடிக்கொண்டிருந்த மகள் ஆட்டத்தை நிறுத்தினாள். நாயைப் பார்த்தாள். மிகத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி, "அடிக்" என்றாள்.

நாய் எழும்பி வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

என் பிள்ளையின் வாயிலிருந்து வந்த முதற் சொல். கரண்டியைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன். இவரை எழுப்பினேன், அவரும் அழுதார். அம்மா என்று சொல்லவில்லை, அப்பா என்று சொல்லவில்லை, அதனாலென்ன, பிள்ளை பேசிவிட்டாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவேயில்லை. நாளுக்கு எத்தனையோ தரம் அவள் கூப்பிட, நாய் வந்தது. அதனோடு கொழுவி நடந்தபோது அவள் ஓடவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்தேன்.

ஆனால் நாங்கள் இருந்தது தமிழர் நிறைந்த இடம். அதை நான் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பிளாசாவில் தமிழ்க்கடைக்குப் போய்விட்டு வெளியே வந்தோம். என் ஒரு கையில் நாயின் பட்டி, மறு கையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும். கார்கள் நிற்கும் இடத்துக்கு அந்தப்பக்கம், இன்னொரு கடைவாசலில் ஒரு வயதுபோன ஐயா நின்றார். அவ்வளவு பெரிய நாயைக் கண்டதும் பாவம், பயந்துபோனார்.

"அடிக், அடிக்! தங்கச்சி, நாயைப் பிடியுங்கோ!"

நாய்க்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பட்டியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு அவரிடம் பாய்ந்தது. மகள் அதனோடுதானே கட்டுப்பட்டிருக்கிறாள். விழுந்து, இழுபட்டு, வந்துகொண்டிருந்த ஒரு வான் வண்டிக்கு முன்னால் போனாள். வான் கிரீச்சிட்டு நின்றது. அவளுடைய தலைக்கும் சில்லுக்கும் இடையில் என் கையை வைக்கத்தான் இடமிருந்தது. ஐயா தொடர்ந்து அடிக் அடிக் என்று கத்த, நாய் அவர் உடுத்திருந்த சாரத்தை நக்கியது.

முழங்கால் தோல் உரிந்ததோடு பிள்ளை தப்பினாள். காப்பாற்றத் தந்த நாயை வைத்தே பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்மணிக்குப் போன் எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வந்து அமைதியாகத்தான் சொன்னார். இந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லலாம். அப்படியென்றால் நாய் இனி அதற்கு வரவே கூடாது. ஒன்றில் அதை மறக்கப் பழக்கவேண்டும், இல்லையென்றால் நாயைத் திருப்பி எடுக்கவேண்டும்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கும் விளங்கியது.

"பிள்ளையிட்ட இருக்கிறது அந்த ஒரு சொல்லுத்தானே" என்றார்.

பிள்ளைக்கு உயிரா சொல்லா என்று கேட்டால் எந்தத் தாயும் உயிர் என்றுதான் சொல்லுவாள். அந்தக் கேள்வியை வரவைத்தவள் நான் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறக்கப் பழக்கும் வேலை தொடங்கியது. நாங்கள் மாறி மாறி அடிக் என்போம். அசையாமல் இருந்தால் நாய்க்குப் பிஸ்கற். நாய் கெட்டிக்காரன், கெதியாகப் பிடித்துக்கொண்டது. மகளிடம் "வா" என்று சொல்லச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன், அவள் என் வாயைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைசியில் அவளுடைய முறை வந்தது. ஹோலின் நடுவில் நிலத்தில் இருந்துகொண்டு கையை நீட்டி, "அடிக்" என்றாள். நாய் அவளைப் பார்த்தது. அதன் உடம்பு முழுக்க ஒருதரம் நடுங்கியது. பிறகு படித்த பாடத்தை மறக்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது. பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்குப் பிஸ்கற் கொடுத்தார். மகள் நீட்டிய கையை இறக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். பிறகு கொஞ்சம் பலமாக, இன்னொரு தரம்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நான் போனேன். நாய் வருவதுபோலவே வந்து அவளுக்கு முன்னால் இருந்து, அவளுடைய மடியில் என் தலையை வைத்தேன். அவள் நாயைத் தடவுவதுபோல என் தலைமயிரைத் தடவினாள்.

நாய் கனகாலம் எங்களோடு இருந்து, அவளை ஒரு றோட்டிலும் விடாமல் காத்து, வயதாகிச் செத்தது. மகள் இப்போது வளர்ந்த பெண். அம்மா என்று இன்றுவரை ஒருநாளும் சொன்னதில்லை. பசித்தால், பயந்தால், சும்மா நான் பக்கத்தில் இருக்கவேண்டுமென்றால், என்னைப் பார்த்துக் கை நீட்டி "அடிக்" என்கிறாள். வீட்டுக்கு வருகிற சனம், தாயைப் பார்த்து இப்படியும் ஒரு பிள்ளை சொல்லுமா என்று முகத்தைச் சுளிக்கும். நான் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போகிறேன்.