கால் ஊன்றாத கைலாசம்

முழங்கைகளால் கைப்பிடியை அமுக்கிக்கொண்டு, ஒரு கையில் வேப்பங்குச்சியும் மறு கையில் சொம்புமாகக் கைலாசம் பல் விளக்குகிறார். சைக்கிள் நிற்கவில்லை. கொப்பளிக்கும்போது மட்டும் வட்டத்தின் உள்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். வெளிப்பக்கம் வேடிக்கை பார்க்கும் ஜனங்கள். அடுத்த சுற்றில் யாரோ சொம்பை வாங்கிக்கொண்டு காப்பி டம்ளரை நீட்டுகிறார்கள். ஊதி ஊதி அதைக் குடித்து முடிக்க அவருக்கு இரண்டு சுற்று வேண்டும்.

பிள்ளையார்பாளையத்து மைதானத்தில் இது மூன்றாம் நாள். இன்னும் இரண்டு நாள், ராப்பகலாக, கால் தரையில் படக் கூடாது. பட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. குளியல், சாப்பாடு, சவரம் எல்லாமே சைக்கிள்மேல்தான். கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் அடிக்கச் சொல்கிறார். "மத்ததுக்கெல்லாம் இன்னா பண்றாரு?" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்கள். மைக் பிடித்திருக்கும் சிட்டிபாபு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறவர், இதற்கு மட்டும் ரெக்கார்டு போட்டுவிடுகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற நாளில் கைலாசத்தை யாரும் சைக்கிளில் பார்த்ததில்லை. வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் மனிதர், கடைக்கு நடந்தே வருவார், நடந்தே போவார். "சைக்கிளு வாடகைக்கு வுடறதுக்குப்பா. நான் ஏறிக்கினு சுத்துனா தேய்மானம் யாரு தருவாங்கோ?" என்பார். திரும்பி வந்த வண்டியின் டயரை முகர்ந்து பார்ப்பதும் அவர் வழக்கம். "மாட்டுச் சந்தைக்குப் போய்க்கினு வந்துகீறே" என்று சரியாகச் சொல்லிவிடுவார் என ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் கடைக்கு எதிர் வீட்டுக்காரன் நான். எனக்கென்னவோ அவர் குத்துமதிப்பாக அடித்து விடுவதாகத்தான் படுகிறது.

அப்பேர்ப்பட்ட கஞ்சர் எதற்காக இப்படிச் சுற்றுகிறார்? அதைச் சொல்லச் சிட்டிபாபுவுக்கு வாய் கூசியது. "தாய்மார்களின் நலனுக்காக, ஒரு தரும காரியத்துக்காக" என்று மைக்கில் மென்று விழுங்கினார். முதல் நாளே கைலாசம் போகிற போக்கில் கத்தினார்.

"இன்னாத்துக்கு மூடி மறைக்கிறே? புள்ள பெத்த பொம்பளைக்குச் சில சமயம் மனசு கலங்கிப்பூடுது. அதுக்கு வைத்தியம் பண்ணத்தான் இந்தத் துட்டு. பேயும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல. மெட்ராசு ஆஸ்பத்திரில நல்லாப் பண்றாங்கோ!"

பச்சை உடம்புக்காரி பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் இங்கே உடுக்கைக்காரனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வேப்பிலையால் விளாசுவான். அதற்கும் அடங்காவிட்டால் கயிற்றுக் கட்டு. ஆனாலும் அரிசிக்குக் கியூவில் நிற்கிற இந்தக் காலத்திலும் அவர் சட்டையில் நோட்டுக் குத்த ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஊக்கை வைத்துக்கொண்டு கூடவே ஓடிக் குத்த வேண்டும். அவசரத்தில் முதுகிலும் குத்திவிடுகிறார்கள். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "நோட்டோட குத்துனா வலிக்காதுபா" என்றார்.

அவருக்கு மட்டும் இந்தச் சங்கதி எப்படித் தெரியும்? கடைக்கு எதிர் வீட்டுக்காரன் என்பதால் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் தங்கை ஏலவார்குழலிக்குத் தலைப்பிரசவம் ஆனது. பிறகு அவளுக்கும் மனசு கலங்க, உடுக்கை, வேப்பிலை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கைலாசம்தான் பிடிவாதமாக மெட்ராசுக்கு அழைத்துப்போனார். இன்று குழலி கணவன் சம்பந்தத்தோடு தறியில் உட்கார்ந்து சேலையின் கரைக்கு ஊடுநூல் கோத்த நாடா வீசுகிறாள். உடலுக்கு அவர் வீச, கரைக்கு இவள் வீச, இரண்டு கையும் ஒத்துப்போனால்தான் கோர்வைச் சேலை உருப்படும்.

ஆனால் உறவில் எல்லோருக்கும் சம்பந்தம் சொன்னது மஞ்சள் காமாலை என்று. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டும் சரிகையும் முதலாளி நம்பிக் கொடுப்பது. சித்தம் கலங்கியவள் உட்காரும் தறிக்கு யார் கொடுப்பார்கள்? "மைக்குல அவ பேரு வந்துச்சின்னா மச்சான், நம்ம ஒறவு அத்தோட சரி" என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார். கைலாசமும் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

இன்று சாயங்காலம் தில்லையம்மாள் என்ற அம்மாள் வட்டத்துக்குள் இறங்கினாள். அவள் மகள் கிருஷ்ணவேணி, பிள்ளை பெற்றதிலிருந்து வீட்டில் கட்டுண்டு கிடக்கிறாள். வெள்ளிக்கிழமை உடுக்கைக்காரன் வருகிறான். தில்லையம்மாள் சைக்கிளோடு கூடவே நடந்தாள்.

"கைலாசம், மெட்ராசுக்கு இட்டுக்கினு போனா நெசமாவே நல்லாவுமா?"

"ஆவும்மா."

"யாருக்கு ஆச்சி? ஒருத்தியக் காட்டு. நாளைக்கே இட்டுக்கினு போறேன்."

கைலாசம் பெடலை மிதித்தார். அவள் விடாமல் அடுத்த சுற்றும் வந்தாள். "காட்டறதுக்கு ஒருத்தி இல்ல, பாத்தியா!" என்று அழுதாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்று நாள் தூங்காத அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. பெயரைச் சொன்னால் தங்கை வாழ்க்கை. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கதி.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழலி உள்ளே வந்தாள். பின்னாலேயே, தோளில் குழந்தையுடன் சம்பந்தம். "வூட்டுக்கு வா. வான்றேன் இல்ல?" அவருடைய முதலாளி வீட்டு ஆட்களும் அங்கே நின்றிருந்தார்கள். குழலி திரும்பிப் பார்க்கவில்லை. தில்லையம்மாளோடு சேர்ந்து நடந்தபடியே கண்ணாடி வளையல்களை மேலே ஏற்றிவிட்டு மணிக்கட்டை நீட்டினாள். கயிறு அறுத்த தழும்பு.

"எனக்குத்தான் ஆச்சி, யக்கா. நல்லாப் பாத்துக்கோ. அதோ, அது என் கொழந்த."

சம்பந்தம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். தில்லையம்மாள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்; விடாமல் நடந்தாள். கைலாசம் அவர்கள் நடைக்குச் சைக்கிளை மெதுவாக்கினார். பிறகு கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்துத் தங்கையின் தலைமேல் வைத்தார். அந்தச் சுற்று முடியும்வரை எடுக்கவில்லை.