பிரேக் பிடிக்கவில்லை என்று நான் சொன்னது

அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றிய இரண்டு கண்ணாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது. ஹெவி டியூட்டி பிக்கப் டிரக்கின் பின்னால் ட்ரெய்லர் கோத்து ஓட்டுவதற்கென்றே செய்த பக்கக் கண்ணாடிகள் இவை. சாதாரண நாட்களில் வண்டியோடு ஒட்டி நிற்கும். ட்ரெய்லர் மாட்டியதும் கையால் பிடித்து இழுத்தால் ஒரு சாண் வெளியே நீளும். அப்போதுதான் வண்டியை விட அகலமான ட்ரெய்லரின் விலாவும் அதன் சக்கரமும் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியும். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் என் வீட்டு கராஜில் நின்று, வலப்பக்கக் கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன். அதன் மூட்டின் இடுக்கில் இரண்டு அங்குல நூல் ஒன்று சிக்கியிருந்தது. வெள்ளை நூல்தான், சந்தனம் பட்டு மஞ்சளாகியிருந்தது. ஒரு முனை நைந்துபோயிருந்தது. மறுமுனை நேராக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியவன் நான்.

கண்ணாடிகள் என் சகலையுடையவை. என் மனைவியின் அக்கா கணவர், என்னை விட ஐந்து வயது மூத்தவர், நாமக்கல்காரர். அவருடைய அப்பாவிடம் மூன்று லாரிகள் இருந்தன, மூன்றும் ஒரே கம்பெனி. அந்த ஊரில் ஒருவர் லாரி கம்பெனியை மாற்றினால், கட்சி மாறிய எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள் என்று சகலை சொல்வார். அமெரிக்கா வந்தும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. பைப்லைன் பரிசோதனை எஞ்சினியர் வேலை. மாதத்தில் பாதி நாள் கருவிகளை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மேற்கு டெக்சாஸுக்குத் தனியாகப் போய்வருவார். பதினைந்து வருடம் ஒரே கம்பெனியின் பிக்கப்தான் ஓட்டினார். அந்தக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு ஏற்கெனவே ஒரு முறை அநியாயம் செய்திருக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியனாக இருந்தவன். மனைவிக்கு இங்கே வேலை கிடைத்து வந்தபோது, எனக்கு வேலை செய்யும் அனுமதி வர ஒன்றரை வருடம் ஆனது. அந்தக் காலத்தில் என்னை வீட்டுக்குள் அடைந்து கிடக்க விடாமல் வெளியே இழுத்துப்போனவர் சகலை. அவருடைய வண்டியில்தான் டிரக் ஓட்டப் பழகினேன், ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுக்கப் பழகினேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மூடிய ட்ரெய்லர் உண்டு. அண்டாக்கள், கேஸ் அடுப்புகள், மடக்கு மேஜைகள், மேடைத் திரை எல்லாம் அதற்குள். விழா எதுவானாலும் அதை இழுத்துவருவது சகலையின் டிரக். சங்கத்தில் இன்னொரு ஹெவி டியூட்டிக்காரர் டாக்டர் ஒருவர். அவர் எதிர்க் கம்பெனி. இருவரும் சந்தித்தால் நலம் விசாரிப்பது கிடையாது. “என்ன சார், உங்க வண்டி இன்னுமா ஓடுது?” என்று டாக்டர் தொடங்குவார். “உங்க வண்டி ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குதுங் டாக்டர், அதான் உடம்புக்கு ஒண்ணும் வர்றதில்ல” என்பார் சகலை. அவருக்கு ஒரே லட்சியம்தான் இருந்தது: அந்த வண்டியின் மீட்டரில் மூன்று லட்சம் மைலைப் பார்ப்பது. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியதும் கேட்பவரிடமெல்லாம் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு அந்த டிரக்கைப் பார்க்க வேண்டும். முதல் நாளே கழுவித் துடைத்துவிடுவார். முன்பக்கம் சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். என் மனைவியின் அக்கா தன் கையாலேயே தொடுத்த சாமந்தி மாலை இரண்டு கண்ணாடிகளிலும். காற்றில் கழன்றுவிடாமல் இருக்க, கண்ணாடியின் மூட்டைச் சுற்றி நூலை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். அந்த நூலை அறுக்காமல் கண்ணாடியை வெளியே இழுக்க முடியாது. மறுநாள் சாயங்காலம் விஜயதசமிக் கற்பூரம் காட்டும்வரை மாலையைத் தொடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். ஏழு வருடங்களுக்கு முன் அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்றுதான் சங்கத்தின் விழாவும். காலை ஏழு மணிக்கு சகலைக்கு ஆபீசில் இருந்து அவசர அழைப்பு. கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார். “மத்தியானம் வந்தர்றேன் தம்பி. மாலைய அறுத்துட்டு, மிரர இழுத்து விட்டுட்டு எடுங்க. அக்கா திட்டுனா நான் பாத்துக்கறேன்.” மூன்றே வாக்கியம். மறந்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லாத அளவுக்குத் தெளிவான வாக்கியங்கள்.

நான் மாலையை அறுக்கவில்லை. பூஜை மாலையை அறுப்பது அபசகுனம் என்று ஒரு சாக்கு மனதில் தயாராக இருந்தது. உண்மை அதுவல்ல. அந்த உயரமான டிரக்கை, இரண்டு பக்கமும் சாமந்தி ஆட, விழா நடக்கும் பள்ளி வளாகத்துக்குள் நான் ஓட்டிக்கொண்டு நுழைவது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருடம் படம் பார்த்துத் தலைப்பு எழுதியவன். ஒன்றரை வருடம் வருமானமில்லாமல் சகலை வீட்டு டிரக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவனுக்கு, ஒரு நாள் ஓட்டுநர் சீட்டில் படம் விழ வேண்டும் என்று ஆசை. கண்ணாடிகளை வெளியே இழுக்காமலே கிளம்பினேன். ஃப்ரீவேயில் போகவில்லை, உள்சாலைகளில்தான் போனேன். கண்ணாடியில் ட்ரெய்லரின் முன்முகம் மட்டும் ஒரு வெள்ளைச் சுவர் போலத் தெரிந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஆறு மைல்தானே என்று நினைத்தேன்.

பள்ளி வாசலில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி சரியாகத் திரும்பியது. ட்ரெய்லர் குறுக்கே வெட்டி, நடைபாதை விளிம்பில் ஏறி, அங்கே நட்டிருந்த கான்கிரீட் கம்பத்தில் போய் மோதியது. விலா பிளந்தது, பின்கதவு திறந்துகொண்டு ஒரு அண்டா உருண்டு சாலைக்கு வந்தது. வழிகாட்டுவதற்காகக் கம்பத்தின் அருகே நின்று கை காட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இரண்டு அடி பின்னால் நகர்ந்ததால் பிழைத்தார். மோதல் நின்ற பிறகும் அவருடைய கை அந்தரத்தில் “வா, வா” என்று அசைந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ கேட்டார், “என்ன சார், என்னாச்சு?” நான் அந்தப் பெரியவரின் கையைப் பார்த்தேன். “பிரேக் பிடிக்கல” என்றேன்.

முதலில் வெளிவரும் செய்தியைப் பிறகு வரும் எந்தத் திருத்தமும் அழிப்பதில்லை என்பதை நான் தொழிலில் கற்றிருந்தேன். அன்று என் கண்முன் அது நடந்தது. நான் சொன்ன இரண்டு சொற்கள் மேடைப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பிரேக் ஃபெயிலியர் ஆகிவிட்டன. சமையல் பக்கம் வந்தபோது நான் சமயோசிதமாகத் திருப்பிப் பெரியவரைக் காப்பாற்றியவன். “அந்தக் கம்பெனி வண்டி நிக்கும் சார், ஆனா நாம நினைக்கிற இடத்துல நிக்காது” என்று டாக்டர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு, எல்லோரும் அண்டாவைத் தூக்கப் போயிருந்தபோது, பாக்கெட்டில் இருந்த சின்னக் கத்தியால் இரண்டு மாலைகளையும் அறுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கண்ணாடிகளை முழுக்க வெளியே இழுத்துவிட்டேன். இதை நான் பதற்றத்தில் செய்யவில்லை. இடது பக்கம் முடித்துவிட்டு, வண்டியைச் சுற்றிவந்து, வலது பக்கமும் செய்தேன்.

மத்தியானம் சகலை வந்தார். ட்ரெய்லரைப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்து இரண்டு தோளையும் தொட்டுப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையில்லீங் தம்பி?” பிறகு, “மிரர இழுத்து விட்டிருந்தீங்கல்ல?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்டதல்ல, வழக்கமாகக் கேட்பது. “ஆமாண்ணா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, விழாவுக்காகக் கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்தார். அரை மணி நேரம் அவருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சங்கத்தின் ஆல்பத்தில் அன்றைய படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நான் வளாகத்துக்குள் திரும்பும் நொடியில் எடுத்தது: மாலை ஆடுகிறது, கண்ணாடிகள் உள்ளே ஒட்டியிருக்கின்றன, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆசைப்பட்டபடியே படம் நன்றாக விழுந்திருந்தது. அதை உற்றுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைத்தேன். சகலைக்கு அப்போதுதான் தொடங்கியது. “கோளாறு இருக்குதுன்னா மாத்திப்போட்டுர்லாம் தம்பி. ஒண்ணுமே இல்லீங்கறாங்களே, அதான் பயமா இருக்குது.” ஒரு நாள் சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு, மூடிக்கிடந்த ஒரு ஷாப்பிங் மாலின் பார்க்கிங்குக்குப் போனார். காலி இடம். நாற்பது மைல் வேகத்தில் போய் பிரேக்கை மிதிப்பார். வண்டி நிற்கும். திரும்பப் போய் மறுபடியும் அதே. பதினான்கு முறை. எண்ணினேன், வேறு எதுவும் செய்யத் தெரியாததால் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் பெல்ட் அழுந்தியது. கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டார்: “இப்ப நல்லாத்தான் பிடிக்குது. அன்னைக்கு மட்டும் ஏன் பிடிக்கல?” அவர் என்னிடம் கேட்கவில்லை, வண்டியிடம் கேட்டார். ஆனால் பதில் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “தெரியலண்ணா” என்றேன்.

மனைவியின் அக்கா, சகலை மேற்கு டெக்சாஸ் போகிற நாட்களில் மணிக்கொரு முறை போன் செய்ய ஆரம்பித்தார். பிறகு, அந்த வண்டியில் போகவே கூடாது என்றார். சகலை மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் மைலில் வண்டியை விற்றார். விற்பதற்கு முன், தான் தனியாக வாங்கிப் போட்டிருந்த இந்தக் கண்ணாடிகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். புது வண்டி, டாக்டரின் கம்பெனி. கண்ணாடிகள் அதில் பொருந்தவில்லை. சங்கத்தில் டாக்டர் அவரைக் கட்டிப்பிடித்து, “வாங்க சார், நல்ல கட்சிக்கு வந்திருக்கீங்க” என்றபோது, எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அந்த மனிதர் வெறுமனே சிரித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் புது வண்டிக்கும் மாலை போட்டார்கள். ஆனால் வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று அவர் அதன் பிறகு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நாங்கள், உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ள வசதியுள்ள ஒரு கேம்பர் ட்ரெய்லர் வாங்கினோம். அதை இழுக்க ஒரு டிரக் வேண்டும். நான் சகலையின் பழைய கம்பெனி டிரக்கையே, அதே மாடலையே, தேடி வாங்கினேன். அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும். நான் செய்தவற்றில் இதுதான் எல்லாவற்றையும் விட அசிங்கமானது என்று இப்போது தோன்றுகிறது. “வேண்டாங் தம்பி, குழந்தைகள வெச்சுட்டுப் போற வண்டி” என்று சகலை கெஞ்சினார். நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போன வருடம் அவர்கள் மகளுக்குப் பக்கத்தில் இருக்க நியூ ஜெர்சிக்குப் போனபோது, இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். “உங்க வண்டிக்குச் சேரும். எனக்கு இனி ஆகாது.” அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முதல் கேள்வி ஒன்றேதான்: “பிரேக் எப்படி இருக்குது?” ஒரு வருடம் நான் பெட்டியைத் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, நூலைப் பார்த்த பிறகு, மறுநாள் அவர் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. கராஜில் நின்றபடியே போன் செய்தேன். பூமாலையில் ஆரம்பித்து, கத்தி வரைக்கும், எதையும் விடாமல் சொன்னேன். அவர் கேட்டார்:

“அப்ப பிரேக் நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுண்ணா.”

“ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணுமே இல்லண்ணா.”

போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்பக்கம் திரும்பி அவர் கத்தியது கேட்டது. “ஏம்மா, இங்க வா! நம்ம வண்டில பிரேக் நல்லாத்தான் இருந்துச்சாம்! அன்னைக்கே நான் சொன்னேன்ல!” வாழ்நாளில் அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தவனுக்கு, அவருடைய கணக்கில் நான் இன்னும் வரவே இல்லை என்பது தெரிந்தது. சந்தோஷம் மெல்ல அடங்கியது. மனைவியின் அக்கா தூரத்தில் ஏதோ கேட்டார். சகலை என்னிடம், “மிரர மறக்கறது யாருக்கும் வரும்ங் தம்பி” என்றார். பிறகு, வேறு யாரிடமோ சொல்வது போல, “வித்துட்டனே” என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நேற்று கூப்பிட்டார். நான் நலம் விசாரித்ததைக் காதில் வாங்காமல், பிரேக்கைப் பற்றியும் கேட்காமல், நேராக விஷயத்துக்கு வந்தார். “அந்த வண்டி இன்னும் எங்கயாச்சும் ஓடிட்டுத்தான் இருக்கும். இந்நேரம் மூணு லட்சம் மைல் தாண்டியிருக்கும்லங் தம்பி?”

“தாண்டியிருக்கும்ணா” என்றேன்.

“யாரு பாத்தாங்களோ” என்றார்.

கண்ணாடிகளை என் வண்டியில் மாட்டிவிட்டேன். நன்றாகப் பொருந்துகின்றன. வலப்பக்கக் கண்ணாடியை வெளியே இழுக்கும்போதெல்லாம் மூட்டின் இடுக்கில் அந்த மஞ்சள் நூல் தெரிகிறது. ஒரு ஊசி இருந்தால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.