வடிவக்கா நிறுக்கும் குழல்

அருணாசலவடிவு முதலில் மரத்தைத்தான் கழற்றுவார். யாருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்தாலும் சரி, வந்தவர் குடும்பப் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பிடி மேசையில் கிடக்கும். அடுத்து குழல்கள் தனியே வந்துவிடும். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, செய்தவன் குழலின் அடிவயிற்றில் பொறித்திருக்கும் எடையைப் படிப்பார். பிறகு மின்தராசில் வைப்பார்.

தூத்துக்குடியில் உரிமம் வாங்கித் துப்பாக்கிக் கடை நடத்தும் பெண் என்றதும் போலீஸ் மிடுக்கை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். தலையில் கனகாம்பரம், மடியில் முறம், முறத்தில் ஆய்ந்த கீரை. மாமனார் வைத்த கடை இது. கணவருக்கு வெடிச் சத்தம் ஆகாது. அவர் மளிகை வியாபாரத்துக்குப் போய்விட்டார். நான் வடிவக்கா கடைக்கு ஓசியில் பேப்பர் படிக்கப் போகிறவன். துப்பாக்கியைத் தொடுவதில்லை. பயம்தான், மறைப்பானேன்.

எடையில் அப்படி என்ன அக்கறை என்று கேட்டிருக்கிறேன். பழைய துப்பாக்கிகளில் சிலவற்றுக்குக் குழலைக் கனமாகச் செய்திருப்பார்கள், சிலவற்றுக்கு லேசாக. அதில் குற்றமில்லை. பொறித்த எடையைவிடத் தராசு குறைத்துக் காட்டினால்தான் ஆபத்து. “லேசாப் பொறந்தது வேற, லேசாப் போனது வேற,” என்பார். எடை பொறிக்காத துப்பாக்கிகளும் வரும். அவற்றை, ஊர் பேர் சொல்லாத மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இந்தக் கடல் காற்றில் குழலுக்குள் துரு ஏறாமல் இருக்காது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் வீடுகளில் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டு, பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். பிறகு சந்தனம், குங்குமம். இப்படி வருடந்தோறும் கும்பிட்டுக் கும்பிட்டே இரும்பைக் கரைத்திருப்பார்கள். முத்தையாபுரத்துக்காரர் ஒருவர், குழலுக்குள் முகமே பார்க்கலாம் என்று பெருமையடித்தார். முகம் பார்க்க வீட்டில் கண்ணாடி இல்லையா என்று வடிவக்கா கேட்டார்.

போன மாதம் வடிவக்காவின் அண்ணன் மாடக்கண்ணு வந்தார். ஆற்றங்கரையில் வாழை போட்டிருப்பவர். தோட்டத்தில் பன்றி இறங்குகிறது, சுட்டு விரட்ட வேண்டும், தோட்டா கொடு என்றார். கையில் அப்பாவின் ஜெர்மன் துப்பாக்கி. அப்பா காலமான பிறகு அது பூசைக்கு மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது. வடிவக்கா வழக்கம்போலக் கழற்றினார், நிறுத்தார். தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். பொறித்த எடையில் நூறு கிராமுக்கு மேல் காணோம். எங்கே தேய்ந்திருக்கிறது என்று, குழலின் கனத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார். இடது குழலின் நடுப்பகுதி வெறும் தகடாகியிருந்தது.

தோட்டா கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மாடக்கண்ணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா உயிராய்ப் பார்த்த பொருளை ஊரான் முன்னால் பழுது என்கிறாயா, ஊரில் வேறு கடையே இல்லையா என்று பொரிந்தார். குழலைத் திரும்ப மாட்டி, தோளில் பொருத்திச் சுவரைக் குறிபார்த்தும் காட்டினார்.

“அப்பா பாசமாத்தாம்ணே தேச்சாவ. இது வெடிச்சா பன்னிக்கு ஒண்ணும் ஆவாது. கொழலத் தாங்குத கைதான் போவும்.”

மாடக்கண்ணு சுவரையே குறிபார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியை இறக்கவில்லை. இப்படியே வேறு கடைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று நான் பேப்பரை மடித்து வைத்தேன். வடிவக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். குழலை இறுகப் பிடித்திருந்த அண்ணனின் இடது கை விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.