கடல் வாங்கிய குடை

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் லூர்துராணியைத் தெரியாதவர்கள் இல்லை. கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வெந்நீர் அடுப்பை ஊதப் போய் உட்காருபவள். முகம் சுளிக்காமல் இரவல் கொடுப்பாள், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் மாட்டாள். இவ்வளவு நல்லவளுக்கு ஒரே ஒரு நோவு உண்டு. பக்கத்து வீட்டு டோரதிக்கு ஏதாவது நல்லது நடந்துவிட்டால் அன்றைக்கு லூர்துராணிக்குச் சோறு இறங்காது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். லூர்துராணியின் புருஷன் அமிர்தராஜும் டோரதியின் புருஷன் தைரியராஜும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே பகுதியில் ஃபிட்டர்கள். ஒரே சங்குக்கு சைக்கிளை எடுத்து, ஒரே சங்குக்குத் திரும்புகிறவர்கள். சம்பளமும் ஒன்றுதான். இப்படி எல்லாம் ஒன்றாக இருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒன்று கூடுதலாக இருந்தால் எப்படிப் பொறுப்பது? டோரதி வீட்டு முருங்கை காய்த்தபோது லூர்துராணி காய்க்காத தன் வீட்டு முருங்கையை வெட்டச் சொன்னாள். போதாக்குறைக்கு, இரண்டு மாதம் மட்டுமே இளையவளான டோரதி அவளை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுவாள்.

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு வருஷம் குடும்பத்தோடு போய்வர இலவசப் பாஸ் உண்டு. அமிர்தராஜ் வீட்டுப் பாஸ் எப்போதும் வேளாங்கண்ணிக்குத்தான். லூர்துராணி பார்த்த கடலும் அது ஒன்றுதான். மணலில் வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பும் சாதுவான கடல். 1960 மே மாதம் டோரதி வீட்டுப் பாஸ் வேறு திசையில் போனது. திருநெல்வேலி வரை ரயில், அப்புறம் பஸ், கடைசியில் முட்டம்.

திரும்பி வந்த டோரதி குழாயடியில் கடை விரித்தாள்.

"மலையே கடலுக்குள்ள எறங்கி நிக்குது அக்கா. செம்மண் மேடு, மேல லைட் ஹவுஸ், கீழ யானை யானையா கறுப்புப் பாறை. கடைசிப் பாறையில போய் நின்னேன். அலை வந்து இதோ, இது வரைக்கும் அடிச்சிச்சு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயோ, பயமா இல்லீங்களா?" என்று மூன்றாம் வீட்டு வீராயி குடத்தை மறந்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன பயம்? குடைதான் போச்சு. பூப்போட்ட குடை. காத்து அப்படியே பிடுங்கி, கடல் வாங்கிக்கிச்சு."

அந்த ஊதாப் பூப்போட்ட குடை போனதில் லூர்துராணிக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் அது போன கதை இருந்த குடையை விடப் பெரிதாகிவிட்டது. வெயில் நாளில் டோரதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவாள். யாராவது குடை எங்கே என்பார்கள். மறுபடியும் பாறை, அலை, காற்று. முட்டத்திலிருந்து கொண்டுவந்து டோரதி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உட்காரவைத்த பெரிய சங்கை வேறு பிள்ளைகள் வரிசையில் நின்று காதில் வைத்துக் கேட்டுப்போனார்கள். இதையெல்லாம்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது அமிர்தராஜ், "அந்தப் பொண்ணுக்கு என்ன துணிச்சல் பாரு" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் லூர்துராணியைப் பார்த்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழம்பு நல்லா இருக்கு என்றுகூட இரண்டாவது தடவை கேட்டால்தான் சொல்வார்.

அடுத்த வருஷம் பாஸ் வாங்க அவர் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருஷம் முட்டம்."

"மாதாவுக்கு என்ன சொல்றது?"

"மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. அந்தக் கடைசிப் பாறையில நான் நிக்கணும். நீங்க பாக்கணும்."

பிள்ளைகளைப் பாலக்கரையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். கையில் எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிச்சோறு. சந்தையில் ஆறு மாதம் பார்த்துப் பார்த்து வாங்கிய தூக்கு அது. டோரதியிடம் அப்படி ஒன்று இல்லை.

முட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று சேலையை முறுக்கியது. டோரதி பொய் சொல்லவில்லை என்று லூர்துராணிக்கு முதலில் தோன்றியது, அதுவே கசந்தது. செம்மண் மேடு மழை அரித்து வரிவரியாகப் பிளந்து கிடந்தது. விளிம்பில் தாழம்புதர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழே கறுப்புப் பாறைகள். அவற்றின் இடுக்கில் தண்ணீர் புகுந்து எங்கோ உள்ளே போய் உறுமிவிட்டு வெள்ளையாக வெடித்து வெளியே வந்தது. அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் உள்ளங்காலில் தெரிந்தது. 'இவ்வளவையும் அவள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாளே' என்றுதான் நினைத்தாள்.

பாறைக்கு இறங்கும் தடத்தின் தலைப்பில் ஒரு கிழவி சங்கும் சிப்பியும் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கூடைக்கு மேல் வெயிலுக்கு ஒரு குடை. ஊதாப் பூப்போட்ட குடை.

லூர்துராணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். காம்பில் தைரியராஜ் ஒர்க்‌ஷாப்பில் செய்து போட்ட பித்தளைப் பூண் மினுங்கியது.

"இந்தக் குடை ஏதும்மா?"

"இதா மக்களே? போன வருசம் திருச்சிக்காரி ஒருத்தி தந்துட்டுப் போனா. ரயிலுக்காரன் பொண்டாட்டியாம். பெரிய சங்கு ஒண்ணு வேணும்னு நின்னா, பைசா தெகயல்ல. குடையத் தந்தா."

"அவங்க கடைசிப் பாறைக்குப் போனாங்களா?"

கிழவி புகையிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "பாறைக்கா? இந்தா, நீ நிக்கேல்லா, இந்த எடத்துல இருந்துக்கிட்டு 'மாதாவே மாதாவே'ன்னு ஒரே அழுகையும் கரச்சலும். அவ மாப்பிள்ள கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனான்."

லூர்துராணிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கங்கில் யாரோ ஒரு குடம் காவேரித் தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. "அந்தக் குடையை எனக்குக் கொடுங்க" என்றாள். கிழவி அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள். லூர்துராணி யோசிக்கவேயில்லை.

"ஏ, தூக்கைக் கொடுத்துட்டுக் குடையா?" என்றார் அமிர்தராஜ்.

"இது குடை இல்லீங்க. சாட்சி."

குழாயடியில் ஒரு வார்த்தை பேசாமல் அதை விரித்துக் காட்ட வேண்டும். வீராயி பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் டோரதி நிற்காத பாறையில் தான் நின்றுவிட வேண்டும்.

குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் பாறை நன்றாக இருந்தது. இரண்டாவதில் செருப்பைக் கழற்றினாள். மூன்றாவதில் பாசி, உட்கார்ந்து நகர்ந்தாள். மீன்காரச் சிறுமிகள் இருவர் தலையில் கூடையோடு அவளைத் தாண்டிக் கடைசிப் பாறைக்குப் போய், எதையோ பொறுக்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டார்கள். நாலாவது பாறையில் எழுந்து நின்றபோது இடுக்கில் தண்ணீர் உறுமியது. அலை அவளைத் தொடவேயில்லை. பத்தடி தள்ளி வெடித்துத் தூறலாகத்தான் மேலே விழுந்தது. ஆனால் பாறையே நகர்ந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"மாதாவே!"

இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். குடை கையை விட்டுப் போனது. காற்று அதை ஒரு முறை உயர்த்தி, தலைகீழாகப் புரட்டி, கடலில் வைத்தது. ஊதாப் பூ இரண்டு அலை வரை தெரிந்தது.

அமிர்தராஜ் இறங்கி வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேலே கொண்டுவந்தார். கிழவி தூக்கைத் திறந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தாள். திரும்பும் ரயில் மதுரையைத் தாண்டியது. அப்புறம் அமிர்தராஜ் மெதுவாக, "தூக்கு நல்ல தூக்கு" என்றார்.

"நான் அழுததை யாருகிட்டயாவது சொன்னீங்க..."

"சொல்ல மாட்டேன்."

"அவளும் போகலீங்க. அவளும் போகல, தெரியும்ல?"

"தெரியும். நீ நாலு பாறை போனே. நான் மேலேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவள் எதிர்பார்த்த வார்த்தை அது இல்லை. இருந்தாலும் கேட்காமலே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டம் காத்திருந்தது. டோரதியும் இருந்தாள். குழாய்க்குக் கீழே வைத்த குடத்தின் கழுத்தை ஒரு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, முட்டம் எப்படி? கடைசிப் பாறைக்குப் போனீங்களா?"

லூர்துராணி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் நுனி நாக்கில் இருந்தது. காட்ட வேண்டியதுதான் இல்லை. 'குடை எங்கே?' என்று வீராயி கேட்பாள். காற்று பிடுங்கிப் போனது என்றால் எல்லோரும் சிரிப்பார்கள், அது டோரதியின் கதை ஆயிற்றே என்று. நடந்ததைச் சொல்லப்போகும் தனக்குக் கிடைக்காத நம்பிக்கை, நடக்காததைச் சொன்னவளுக்கு எப்படிக் கிடைத்தது? அந்த நிமிஷம் அவளுக்கு டோரதியின் பொய்யின் மேலேயே பொறாமையாக இருந்தது.

"கிட்டப் போனேன்" என்றாள். "ஆனா டோரதி சொன்னது சரிதான். அந்த எடத்துல காத்து குடையைப் பிடுங்கிக் கடல்ல போட்டுடும். என் கண்ணால பாத்தேன். ஊதாப் பூப்போட்ட குடை. காம்புல பித்தளைப் பூண் போட்டது."

டோரதியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி முட்டத்துக்குப் பாஸ் வாங்கச் சொல்லணும்" என்றாள் வீராயி. "நீங்க ரெண்டு பேரு மட்டும் பாத்தா போதுமா?"

அன்று மாலை டோரதி ஒரு கிண்ணத்தில் முருங்கைக்காய்க் குழம்பு கொண்டுவந்து சுவருக்கு மேலே நீட்டினாள். "லூர்து, இந்தா" என்றாள். அக்கா என்ற வார்த்தை வரவில்லை.

லூர்துராணி குழம்பை ருசி பார்த்தாள். நன்றாக இருந்தது. அன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.